மேல்டிவிசனுக்கு ஏறி வரும் மிட்வைஃப் அம்மா

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து பொரளைப் பக்கம் போனால் டி சொய்சா மகளிர் வைத்தியசாலை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை. ரோடு காலியாகக் கிடக்கும் ராத்திரி நேரத்தில் வலி கண்டால் ஒரு ஆட்டோவைப் பிடித்துச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடலாம். சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து டாக்டர், இரத்தம், குறைமாதப் பிள்ளையை வைத்துப் பார்க்கும் வசதி எல்லாம் அங்கே உண்டு. ஒரு சதம் கட்ட வேண்டியதில்லை. என் மகளை நான் பெற்றதும் கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். அந்த ஒன்பது மாதமும் எனக்கிருந்த பெரிய கவலை, கிளினிக்கில் காத்திருக்கும் நேரத்தில் உட்கார பெஞ்சில் இடம் கிடைக்குமா என்பதுதான்.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல்டிவிசனில், அதாவது மலை உச்சிப் பக்கத்துப் பிரிவில் இருக்கும் என் அண்ணிக்கு வேறு கவலை. ராத்திரி வலி கண்டு, அந்த நேரம் மழையும் பிடித்துக்கொண்டால் கீழ் ரோட்டுக்கு எப்படி இறங்குவது? கூப்பிட்டால் ஆட்டோக்காரர் ஏறி வருவாரா, பாலத்தடியிலேயே நின்றுவிடுவாரா? அண்ணியும் நானும் இதே நாட்டின் இலவச மருத்துவத்துக்கு உரித்தானவர்கள். இரண்டு பேருக்கும் பிரசவ நாள் நெருங்கியபோது மனதில் ஓடியவை மட்டும் இவ்வளவு தூரம்.

தூரத்து ஊர்களில் பிரசவ வசதியை மேம்படுத்துவது பற்றிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் கட்டிடத்தில் போய் முடிகிறது. புதிய வார்டு, புதிய ஸ்கேன் மெஷின், புதிய அம்புலன்ஸ். இவையெல்லாம் வேண்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டில் நடந்ததையும் இந்த நாட்டில் முன்பு நடந்ததையும் வைத்துப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மலைக்கு மருத்துவமாது, அதாவது மிட்வைஃப், ஒருவர் இருக்கிறாரா? வீடு தேடி ஏறி வருகிறாரா? தாய்க்கு விளங்கும் மொழியில் பேசுகிறாரா? அந்தப் பதவி வெற்றிடமாகக் கிடந்தால், கீழே எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டினாலும் மேலே இருப்பவளுக்கு அது பிந்தித்தான் உதவும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இலங்கை இதை ஒரு தடவை செய்து காட்டிவிட்டது.

1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த பணத்தில் கொழும்பில் பிள்ளைப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. 1898இல் இணுவிலில் மக்லியோட் மகளிர் ஆஸ்பத்திரி வந்தது. இரண்டும் பெரிய காரியங்கள். ஆனாலும் 1930களில்கூட இந்த நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். நல்ல ஆஸ்பத்திரிகள் ஊர் நடுவில் இருந்தும், பெண்கள் வீட்டில் இரத்தம் போயும், ஜன்னி கண்டும், வலிப்பு வந்தும் செத்தார்கள்.

மாற்றம் வந்த வழி அமைதியானது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். ஒரு பகுதியை எல்லை பிரித்து, அதற்கொரு டாக்டரையும் சுகாதார அதிகாரிகளையும் மருத்துவமாதுகளையும் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வராத ஆட்களைத் தேடிப் போகச் சொன்னார்கள். இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று நாம் சொல்வது அதிலிருந்து வளர்ந்ததுதான். சுமார் 3,000 பேருக்கு ஒரு குடும்பநல மருத்துவமாது என்பது கணக்கு. அவர் கையில் ஒரு பதிவேடு. தன் பகுதியில் யார் யார் கல்யாணம் கட்டியவர்கள், யாருக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது, யார் போன மாதம் கிளினிக் வரவில்லை என்பதெல்லாம் வீடு வீடாக அதில் இருக்கும். மலேரியா ஒழிந்தது, பெண்கள் படித்தார்கள், ஆஸ்பத்திரிகள் கூடின, மருத்துவம் இலவசமானது, இரத்த வங்கியும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வந்தன. எல்லாம் சேர்ந்துதான் கோவிட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் அந்த 2,000 என்ற எண் 30க்கும் 40க்கும் இடையில் வந்து நின்றது. ஆனால் அந்த வசதிகளிடம் தாயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கையில் குடையும் தோளில் பையுமாக நடந்த அந்தப் பெண்கள். இன்று 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. அண்டை நாடுகள் இங்கே வந்து படித்துப் போகும் கதை இது.

கொழும்புத் தமிழர்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய பெயர் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டொக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, 1896இல் இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பிலேயே பெண்களுக்கு வைத்தியம் பார்த்தவர். நகரத்துப் பெண்களுக்கு மட்டும் பார்த்தால் போதாது என்று 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமத்துப் பெண்களிடம் போனார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவானார். நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, ஊருக்குள் போகாமல் தாய்மாரைக் காப்பாற்ற முடியாது என்று விளங்கிக்கொண்டவர்கள் இந்த நகரத்தில் இருந்தார்கள்.

அப்படியானால் தேயிலை மலை ஏன் பின்தங்கியது? மலையகத் தமிழரான எங்கள் ஆட்கள் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தை 1872ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமாரோடு சேர்த்துக் கட்டியது. மற்ற ஊர்களுக்கு அரசாங்கத்தின் மருத்துவமாது போனபோது, தோட்டத்துக்கு டிஸ்பென்சரியும் தோட்டத்தின் சொந்த மிட்வைஃபும்தான். 1948இல் குடியுரிமையும் போனபின் எங்களைக் கணக்கில் எடுக்கும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்பது பகுதி பகுதியாகத்தான் நடந்தது. மருத்துவமாதுகள் இப்போது மேலே வருகிறார்கள், பிரசவம் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். ஆனால் பிந்தித் தொடங்கியதன் வடு பிள்ளைகளின் உடம்பில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். தாயின் வயிற்றில் தொடங்கும் குறை இது. இரத்தச்சோகையோடு பிள்ளை சுமப்பவள் நிறை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், அவளும் வளர்ந்து இரத்தச்சோகையோடுதான் சுமக்கப் போகிறாள்.

அண்ணியின் கதைக்கு வருகிறேன். அவருக்கு அது இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம் முடியும் தறுவாய். நான் ஊருக்குப் போயிருந்த நேரம். மிட்வைஃப் அம்மா தேயிலைக்குள் வெட்டிய படியில் ஏறி வந்து, பீலியில் கால் கை கழுவி, சேலைக் கரையில் ஒட்டியிருந்த அட்டைப் பூச்சியை உப்பு வைத்து எடுத்துவிட்டுத்தான் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்தார்.

"என்ன தாயி, போன கிளினிக்குக்கு ஆளைக் காணோமே?"

"அன்னைக்குக் கொழுந்து கூடன்னாங்கம்மா. பேர் போயிருமேன்னு..."

பேர் என்றால் அன்றைய நாட்சம்பளத்துக்கான பதிவு. மிட்வைஃப் அம்மா திட்டவில்லை. அண்ணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பாதத்துக்கு மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த குழி நிரம்பி வரச் சுணங்கியது. பையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக் கையில் சுற்றினார். ஒரு தடவை பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்து, மறுபடி பார்த்தார். கிளினிக் அட்டையைத் திருப்பி முதல் பக்கத்துக்குப் போனார். இரண்டாம் மாதத்தில் 110க்கு 70 என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. இப்போது 150க்கு 100.

"தலை இடிக்குதா? கண்ணு மங்கலா, பூச்சி பறக்குற மாதிரித் தெரியுதா? நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்குதா?"

தலை இரண்டு நாளாக வலிக்கிறதாம். வெயிலில் நின்றதால் என்று அண்ணி நினைத்திருக்கிறார். எங்களிடம் சொல்லவேயில்லை.

அதன்பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். அண்ணியை விட்டுவிட்டு, அடுப்படியில் நின்ற எங்கள் அம்மாவிடம் போனார். "அக்கா, இது இன்னைக்கே போகணும். நாளைக்கு இல்ல. வலிப்பு வந்தா தாயும் போயிரும் பிள்ளையும் போயிரும்." அம்மா, மகன் வேலையால் வரட்டும் என்றார். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்றார். நாள் நல்லதில்லை என்றும் சொன்னார். மிட்வைஃப் அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். மூத்ததைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விடலாம், அண்ணனுக்கு டிவிசன் ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பலாம், நாள் பார்ப்பது வீட்டுக்குத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். கடிதம் எழுதி, ஆட்டோக்காரருக்குத் தானே போன் பண்ணி, வண்டி வரும்வரை வாசலை விட்டு நகரவில்லை.

அண்ணி கீழே ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டு, பல நாள் கண்காணிப்பில் இருந்து மகனைப் பெற்றார். கொஞ்சம் முந்திப் பிறந்த சின்னப் பிள்ளை. இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

இதில் மருத்துவம் எங்கே இருக்கிறது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது எந்த ஆஸ்பத்திரிக்கும் தெரியும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்து இருக்கிறது. 33 நாடுகளில் நடத்தி 2002இல் வெளியான ஆய்வொன்று, அது வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைப்பதைக் காட்டியது. மருந்து ஊரில் இருக்கிறது. ஆனால் இரண்டாம் மாதத்திலேயே அண்ணியைப் பதிந்து அந்த முதல் கணக்கை எழுதி வைத்த கை இல்லையென்றால், ஏழாம் மாதத்தில் வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? கிளினிக் வராதவளைத் தேடி வர ஆள் இல்லையென்றால் அந்த எண்ணே யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வீட்டில் முடிவு யார் கையில் என்று அறிந்த ஒருத்தி, முடிவெடுப்பவருக்குப் புரிகிற பேச்சில் பேசியதும் மருத்துவத்தில் சேர்ந்ததுதான்.

சரீன் தடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதியதைத் தாய்சேய் நலத் துறையினர் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். தாய்மார் இறப்பதற்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருக்கின்றன என்றார்கள். போகலாமா என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன இடத்தில் கவனிக்கப்படும் தாமதம். எங்கள் லயத்து வாசலில் அன்று உடைந்தது முதலாவது.

அந்த முதல் தாமதத்துக்குள்ளேயே காசும் இருக்கிறது. 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் ஆன நாட்சம்பளம், பேர் விழுந்தால்தான். கிளினிக் போய், வரிசையில் நின்று, மேலே ஏறி வருவதற்குள் அன்றைய பேர் போய்விடும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். சத்துணவு வவுச்சர் கொடுக்கிறார்கள், திரிபோஷ என்ற சத்துமா கொடுக்கிறார்கள், எல்லாம் நல்லது. ஆனால் கிளினிக் நாளைக்கு முழுப்பேர் போடுங்கள் என்று தோட்ட நிர்வாகத்திடம் தொழிற்சங்கங்கள் வற்புறுத்திக் கேட்டால், பல சுவரொட்டிகள் செய்யாத வேலையை அது செய்யும். 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிரசவ விடுமுறையைத் தருகிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் மலையில் கொழுந்துக்கூடை சுமக்கிறவள் கிளினிக்குக்குப் போய்வரும் அந்த ஒரு நாளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

இரண்டாவது தாமதம் ரோடு. 2022 மே மாதம், நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். ஹல்துமுல்லைப் பகுதியில் பிறந்து இரண்டு நாளான பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டது. தகப்பன் பெற்றோல் தேடி மணிக்கணக்காக அலைந்தார். தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது. அந்தச் செய்தியை வாசித்த அன்று கொழும்பில் நானும் எரிபொருள் வரிசையில்தான் நின்றேன். வரிசை எனக்குத் தந்தது கால்வலி மட்டும். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையக வீதிகளை அறுத்துப் போட்டபோது முதலில் எனக்கு நினைவு வந்ததும், மேலே எத்தனை பிள்ளைத்தாச்சிகள் இருப்பார்கள் என்பதுதான்.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் நல்ல சேவை. இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் போனது. தமிழிலும் பேசலாம். ஆனால் வண்டி வந்து நிற்கும் இடத்துக்கும் லயத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கல்லுப் பாதையை யாராவது தாயைத் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். எங்கள் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு நல்ல ஸ்ட்ரெச்சர், அதைத் தூக்கப் பழகிய நாலு இளைஞர்கள், அவர்களுடைய தொலைபேசி எண்கள் மிட்வைஃப் அம்மாவிடம். இதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு. கடல் கொந்தளித்தால் படகு இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சில ஊர்க்காரருக்கு வாவியைக் கடக்கும் பாதைப்படகு. இப்படிப்பட்ட இடங்களில் நாள் நெருங்கும் தாயை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் வழி. கியூபா 1962இலிருந்தே இதற்காகத் தாய்மார் காத்திருப்பு இல்லங்களை நடத்துகிறது. இங்கே வார்டில் அனுமதிக்கிறார்கள், அல்லது யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குகிறார்கள். சொந்தக்காரர் இல்லாதவள் என்ன செய்வாள்? பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி இரண்டு அறை, ஒரு அடுப்படி, மூத்த பிள்ளையும் கூட இருக்க இடம். இவ்வளவு இருந்தால் போதும். வார்டுக் கட்டிலில் வாரக்கணக்காகப் படுக்க மனமில்லாமல் வீட்டுக்கு ஓடிவரும் தாய்மாரும் நின்றுவிடுவார்கள்.

மூன்றாவது தாமதம் கொழும்பிலேயே நான் பார்த்தது. எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, இருதயத்தில் கோளாறு இருக்கிறது என்று மலையிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்டாள். கர்ப்ப காலத்தில் இருதய நோய் இன்று இந்த நாட்டில் தாய் மரணங்களுக்கான முக்கிய காரணங்களில் ஒன்று. ஆகவே அனுப்பியது சரியான முடிவு. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டாக்டர் நல்லவர், அவசரத்தில் இருந்தார். சிங்களத்தில் கேட்டார். மூச்சு எப்போதிலிருந்து வாங்குகிறது? படுத்தால் கூடுகிறதா? இரவில் எழுந்து உட்கார வேண்டி வருகிறதா? இவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பயத்தில் ஆட்டிய தலை அது. பிறகு வார்டில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, தன்னால் முடிந்தவரை அன்பாகத்தான் கேட்டுச் சொன்னார். அவருக்கு அது சம்பளத்துக்குள் வராத வேலை.

தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. ஆனால் பிரசவ அறைக்குள் தமிழ் தெரிந்தவர் இருப்பது இன்றும் அந்த முறைக்கு யார் வேலைக்கு வருகிறார் என்பதைப் பொறுத்தது. முக்கச் சொல்கிறார்களா, நிறுத்தச் சொல்கிறார்களா என்று விளங்காத தாய் பிடிவாதக்காரி என்று பெயர் வாங்குகிறாள். கருத்தடைக்கும் சத்திரசிகிச்சைக்கும் கையெழுத்து வாங்கும்போது அது இன்னும் பாரதூரமானது. விளங்காமல் வைத்த கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் இரவு முறைக்கும் சேர்த்து மொழி உதவியாளரைச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும். தாயோடு ஒரு பெண் துணை உள்ளே நிற்க இடம் கொடுக்க வேண்டும். திரைச்சீலை போதும், தனி அறை தேவையில்லை.

கருவிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எனக்கு நம்பிக்கை தந்த செய்தி. பிரசவத்துக்குப் பின் இரத்தம் போவதுதான் உலகெங்கும் தாய்மாரை அதிகம் கொல்வது. 2023இல் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எவ்வளவு இரத்தம் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது எப்போதும் குறைவாகவே வரும். துணியிலும் தரையிலும் ஊறியது கணக்கில் வராது. கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் ஒரு முறையைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். தாயின் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் நுனியில் பை, பையில் அளவுக் கோடு. இரத்தம் கோட்டை நெருங்கியதும் வயிற்றைத் தடவிவிடுவது, மருந்துகள், சேலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் தொடங்குவது. கடுமையான இரத்தப்போக்கும் அதன் பாரிய விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. பெரிய டாக்டர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் இது அதிகம் தேவை. அங்கே அரைமணி நேரம் முந்தித் தெரிந்தால், வண்டியை அரைமணி நேரம் முந்திக் கிளப்பலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் எல்லோருடைய கண்ணும் பிள்ளை மீது போய்விடுகிறது. முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது மருத்துவமாது வீட்டுக்கு வர வேண்டும் என்பது இந்த நாட்டின் ஒழுங்கு. காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, காலில் ஒரு பக்கம் வீக்கம், மூச்சு வாங்குதல், காரணமில்லாத அழுகை இவற்றைக் கண்டுபிடிப்பது அந்த வருகையில்தான். அண்ணி மகனைப் பெற்று வந்தபின் பல நாள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பத்தியச் சாப்பாட்டைத் தொடவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று லயத்தில் பேச்சு. மிட்வைஃப் அம்மா வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் உள்ளே இருந்தார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை அண்ணி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த கிழமை டாக்டரிடம் கூட்டிப் போனார்.

இப்படி ஒருவர் இன்னும் எத்தனை காலம் அந்த மலையில் இருப்பார்? அவருடைய பகுதி பெரியது. பக்கத்துப் பகுதியில் ஆள் இல்லாதபோது அதையும் அவர் தலையில் போடுவார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது, பஸ் காசு கைக்காசு, தங்க நல்ல வீடு இல்லை. தெற்கிலிருந்து நியமனம் பெற்று வரும் பிள்ளைகள் மொழி தெரியாமல் தவித்து, மாற்றம் கேட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமாது பயிற்சி ஒன்றரை வருடம். ஒரு வருடம் தாதியர் கல்லூரியில், ஆறு மாதம் களத்தில். லயத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, பிறகு கொழும்பில் துணிக்கடையில் நிற்கிற எத்தனையோ பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். விண்ணப்பம் கோரப்படுவதே அவர்களுக்குத் தெரிவதில்லை. வர்த்தமானி அறிவித்தலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் கொண்டுபோவது, விண்ணப்பம் நிரப்ப உதவுவது, சிங்களம் படிக்க வைப்பது, தன் மாவட்டத்திலேயே இத்தனை வருடம் வேலை செய்வதாக உடன்படுபவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்லிச் சுகாதார அமைச்சை விடாமல் கேட்பது. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்து நன்றாக இருக்கும் நம்மைப் போன்றவர்கள் இறங்க வேண்டிய வேலை இது.

இன்னொன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பதிவேடு பகுதி பகுதியாக ஓடுகிறது, பெண்களோ இடம் மாறுகிறார்கள். மலையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வீட்டு வேலை, புறக்கோட்டையில் கடை வேலை. ஊரில் மருத்துவமாதின் பதிவேட்டில் பெயர் இருக்கும், வீடு பூட்டியிருக்கும். கொழும்பில் ஆள் இருப்பாள், பெயர் இருக்காது. பிள்ளை தங்கியதும் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதங்களைத் தள்ளுவார்கள். தற்காலிகமாகத் தங்கியிருப்பவளும் இருக்கிற இடத்து மருத்துவமாதிடம் பதியலாம், மாநகர சபை கிளினிக்குக்குப் போகலாம். அட்டை அவள் கையிலேயே இருக்கும், ஊருக்குப் போகும்போது அங்குள்ளவரிடம் காட்டினால் தொடர்ந்து பார்ப்பார்கள். உங்கள் வீட்டில், கடையில் அப்படி ஒரு பெண் இருந்தால் எட்டு வாரத்துக்குள் கொண்டுபோய்ப் பதிந்துவிடுங்கள். சம்பளத்தைப் பிடிக்காமல் கிளினிக் நாளைக்கு விடுப்புக் கொடுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் மாடி அறையில் லிந்துலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், ஐந்தாம் மாதம். பதிந்தாயிற்று. இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தேத்தண்ணியோடு குடிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. கடை முதலாளி இன்னும் சரி என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை அவளோடு நானும் கடைக்குப் போகிறேன்.